பேரென்ன அத்தை

அந்த அரசு மழலையர் பள்ளியில் சேர்க்கை எழுதுகிற அம்மாளுக்குச் சொந்தமாக ஒரு பேர் இருந்தது. அது யாருக்கும் தேவைப்படவில்லை. வருகிற வாண்டுகளையெல்லாம் "பேரென்ன கண்ணு?" என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் அவளே "பேரென்ன அத்தை" ஆகிவிட்டாள். வாசலை ஒட்டிய மேசையில், கொண்டையில் பேனாவைச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அப்பா அம்மாவுக்கு என்ன வேலை, கூடப் பிறந்தவர்கள் உண்டா, வீட்டில் என்ன மொழி, எல்லாம் அவள் கையால்தான் பதிவாகும். "நம்ம மேசைக்கு வராத பாஷையே கிடையாது!" என்று பீற்றிக்கொள்வாள்.

ஒரே ஒரு கெடுபிடி. பிள்ளை தன் பேரைத் தானே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஊரின் மறுகோடியில் இருக்கும் சிறப்புப் பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள்.

சேர்க்கை முடிகிற நாளில் அடுத்த தெருத் தையல்காரர், மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். ஒரு தாளில் எழுதி நீட்டினார்: 'எங்கள் இருவருக்கும் காது கேட்காது, பேச்சும் வராது. பாப்பாவுக்குக் கேட்கும். வீட்டில் பேசிக் காட்டத்தான் ஆள் இல்லை. மற்ற பிள்ளைகளோடு இருந்தால் பேசிவிடுவாள்.'

அத்தைக்கு மனசு இளகிவிட்டது. எப்படியாவது இந்தப் பிள்ளையைச் சேர்த்துவிட வேண்டும்.

"பேரென்ன கண்ணு?"

பாப்பா கன்னத்தில் விரலை வைத்து அழுத்தினாள்.

"என்னடி, கொசு கடிச்சிருச்சா? பேரைச் சொல்லு, தங்கம்."

மறுபடியும் கன்னம்.

பக்கத்தில் நின்ற தலைமை ஆசிரியை பெருமூச்சு விட்டார். "பாவமாத்தான் இருக்கு. ஆனா பேர் சொல்லலையே, என்ன பண்றது?"

தையல்காரருக்குத் தலைமை ஆசிரியையின் முகத்தைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. மனைவியிடம் திரும்பிக் கையால் படபடவென்று ஏதோ சொன்னார். நடுவில் கன்னத்தை அழுத்தினார். அவளும் கன்னத்தை அழுத்தி ஏதோ கேட்டாள். அத்தை பார்த்தாள். மூன்று பேருக்கும் ஒரே கன்னத்திலா கொசு கடிக்கும்? அதற்குள் பாப்பா குறுக்கே புகுந்து இரண்டு கையையும் வீசி என்னவோ சொல்ல, அழுகிற நிலையில் இருந்த அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பாப்பாவும் சிரித்தாள். கன்னத்தில் அழகாகக் குழி விழுந்தது.

"ஐயையோ! டீச்சர், குழி! கன்னத்துக்குழிதான் அவ பேரு! வந்ததுலேர்ந்து சொல்லிக்கிட்டேதான் இருக்கா, நான்தான் மரமண்டை!"

அத்தை மேசைமேல் சாய்ந்து அவர்கள் கைகளையே பார்த்தாள். ஒரு சத்தம் இல்லை. ஆனால் கெஞ்சல், கோபம், கேலி எல்லாம் அந்த ஆறு கைகளிலும் ஓடிக்கொண்டிருந்தன. இத்தனை வருஷம் இந்த மேசையில் உட்கார்ந்து இப்படி ஒன்றை அவள் பார்த்ததேயில்லை. கொண்டையிலிருந்து பேனாவை உருவி, 'வீட்டில் பேசும் மொழி' என்ற இடத்தில் 'கை' என்று எழுதினாள்.

"மேலிடத்துல கேட்டா?" என்றார் தலைமை ஆசிரியை.

"கேக்கட்டும் டீச்சர். கண்ணால பார்த்ததைத்தானே எழுதியிருக்கேன்."

தலைமை ஆசிரியை சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

சில மாதங்களில் பாப்பா வாய் திறந்தாள். அப்புறம் திறந்த வாயை மூடவேயில்லை. ஒரு மதியம், வருகைப் பதிவை வாங்க அத்தை வகுப்பறைக்குப் போனாள். பிள்ளைகள் தூங்க வேண்டிய நேரம், மூச்சு விட்டால் டீச்சர் அதட்டுவார். அறை அவ்வளவு அமைதி. ஆனால் பாயில் படுத்திருந்த ஒன்றுகூடத் தூங்கவில்லை. அத்தனை குட்டிக் கைகளும் காற்றில் பேசிக்கொண்டிருந்தன!

பாப்பா அவளைப் பார்த்துவிட்டாள். ஒரு விரலைத் தலைமுடிக்குள் செருகிக் காட்டினாள். உடனே வரிசை முழுக்க எல்லாப் பிள்ளைகளும் தலைக்குள் விரலை விட்டன.

"அடக் கடவுளே, எல்லார் தலையிலயும் பேனா?" என்று அத்தை கிசுகிசுத்தாள்.

"ஆமா அத்தை, பேனா! அதான் உங்க பேரு!" என்று பாப்பாவும் கிசுகிசுத்தாள்.

அத்தையின் கை தானாகக் கொண்டைக்குப் போனது. பேனா அங்கேதான் இருந்தது. கண்ணில் நீர் முட்ட, அந்த அறைக்கு அவள் தன் பேரைச் சொல்லிக் காட்டினாள்.