ஒர்லிந்தா சோப்பாப்பியா பொரித்த காலை

மாவில் வெந்நீர் ஊற்றிப் பிசையத் தொடங்கும்போதே முற்றத்தில் அரம் போடும் சத்தம் கேட்டது. ஒர்லிந்தா அர்ச்சுலேட்டா திரும்பிப் பார்க்கவில்லை. அவள் மகன் ஒனேசிமோ மண்வாரிக்குக் கூர் ஏற்றிக்கொண்டிருந்தான். வாய்க்காலில் சேறு அள்ளுகிற மண்வாரிக்கு அவ்வளவு கூர் எதற்கு? சேற்றுக்கு வேண்டியதில்லை. கழுத்துக்கு வேண்டும். இது அவளுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியும், மோரா பள்ளத்தாக்கில் அந்த வாய்க்கால் தண்ணீரைக் குடிக்கிற ஆடு மாடுகளுக்குக்கூடத் தெரியும்.

அன்று வாய்க்கால் தூர்வாரும் நாள். பனி உருகித் தண்ணீர் இறங்குவதற்கு முன்னால், பாசனம் உள்ள ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஓர் ஆள் மண்வாரியோடு வந்தாக வேண்டும். வராத வீட்டுக்கு அந்த வருஷம் தண்ணீர் கிடையாது. வந்தவர்களும் இஷ்டத்துக்கு நிற்க முடியாது. வயல்கள் எந்த வரிசையில் இருக்கின்றனவோ அந்த வரிசையில்தான் நிற்க வேண்டும். மணியக்காரர் மண்வாரிக் காம்பால் அளந்து ஆளுக்கு ஒரு துண்டு விடுவார்.

அர்ச்சுலேட்டா வயலுக்கு அடுத்த வயல் தெலெஸ்போரோ மாயேஸுடையது. ஊருக்கு அவன் தெலெஸ். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒர்லிந்தாவின் புருஷன் மெலக்கியாஸை ஒரே வீச்சில் சாய்த்தவன் அவன்தான். சாந்தா ஃபே சிறையில் கிடந்துவிட்டுப் போன மாதம்தான் வீடு திரும்பியிருந்தான். அந்தச் சேதி கேட்ட அன்றே, வயோமிங்கில் ஆட்டுக்கு மயிர் வெட்டிக்கொண்டிருந்த ஒனேசிமோ கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு பஸ் ஏறிவிட்டான்.

ஒர்லிந்தா முந்தின நாளே மணியக்காரர் கந்தெலாரியோவிடம் போய்க் கெஞ்சிப் பார்த்தாள்.

"ஐயா, நாளைக்கு ஒரு நாள் மட்டும் என் மகனை வேற துண்டுல நிறுத்துங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"நிக்கிற வரிசையை மாத்தினா தண்ணி வரிசையும் மாறும்மா. இன்னிக்கு உனக்காக மாத்தினா, நாளைக்கு எவன் எவனோ வந்து நிப்பான். எங்க தாத்தன் போட்ட வரிசை இது."

"ரத்தம் விழுந்தா?"

"விழுந்தா அள்ளிப் போட்டுட்டு மேல வெட்ட வேண்டியதுதான். முன்னாடி விழலையா?" என்றார் கந்தெலாரியோ. மனுஷர் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர்.

அதனால்தான் அவள் காலையில் எழுந்ததும் மாவுப் பானையைத் திறந்தாள். சோப்பாப்பியா என்கிற உப்பிய ரொட்டி என்றால் ஒனேசிமோ சின்ன வயசிலேயே உயிரை விடுவான். சாப்பிட உட்கார்ந்தால் கொஞ்ச நேரம் தாமதமாகும், தாமதமானால் மனசு மாறும் என்று ஒரு கணக்கு. பெற்றவள் வேறு என்னத்தைச் செய்வாள்? வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தைதான் பதினோரு வருஷமாகத் தொண்டையை விட்டு வரவில்லை.

மாவைத் துணி போட்டு மூடி வைத்தாள். இரும்புச் சட்டியில் பன்றிக் கொழுப்பைக் கட்டியாகப் போட்டு விறகைத் தள்ளிவிட்டாள். கொழுப்பு உருகும் வாசனை எழும்பியது. பதினோரு வருஷமாக அந்த வீட்டில் சோப்பாப்பியா பொரிக்கவில்லை. கடைசியாகப் பொரித்தது மெலக்கியாஸ் செத்த அன்று.

பதினேழு வயதில் அவள் அந்த வீட்டுக்கு வந்தாள். மெலக்கியாஸ் பார்க்க லட்சணமானவன், வயலின் வாசிப்பான், கல்யாண வீடுகளில் அவன் இல்லாமல் ஆட்டம் இல்லை. ஊருக்கு அவன் சர்க்கரை, வீட்டுக்கு வேப்பங்காய். முதல் வருஷத்திலேயே அவள் பல் ஒன்று போயிற்று. மூன்றாம் வருஷம் அடிவயிற்றில் உதைத்ததில் ஒரு பிள்ளை போயிற்று. பாதிரியாரிடம் சொன்னாள். "பொறுத்துக்கோ மகளே, அவன் தங்கமான பையன், கோயில்ல எவ்வளவு அழகா வாசிக்கிறான்" என்றார் அவர். அதோடு அவள் யாரிடமும் சொல்வதை விட்டுவிட்டாள்.

அவன் செத்த அந்த ஜூன் மாதம் மழையே இல்லை. நாலு நாளாக மெலக்கியாஸ் முறை தவறி மடையைத் திறந்து, தெலெஸின் தண்ணீரைத் தன் பீன்ஸ் வயலுக்குத் திருப்பிக்கொண்டிருந்தான். தெலெஸ் வேற்று ஆளா? ஒனேசிமோவை ஞானஸ்நானத் தொட்டியில் கையில் ஏந்திய ஞானத்தகப்பன். இரண்டு தடவை வந்து நயமாகச் சொல்லிப் பார்த்தான். மூன்றாம் தடவை வாயால் சொல்லவில்லை, மடையை அடைக்க மண்வாரியோடு வந்தான்.

அன்று மத்தியானம் மெலக்கியாஸ் சாப்பிட உட்கார்ந்தான். விறகு ஈரம், கொழுப்பு சரியாகக் காயவில்லை. காயாத கொழுப்பில் போட்டால் சோப்பாப்பியா உப்பாது, எண்ணெய் குடித்துச் செருப்புத் தோல் மாதிரி கிடக்கும். முதல் நாலும் அப்படித்தான் வந்தன. அவன் ஒன்றை எடுத்துப் பார்த்தான். சூடாக அவள் முகத்தில் அறைந்தான்.

"இதைத் தின்னவா நாள் முழுக்க வெயில்ல சாகறேன்?"

எழுந்து அவள் பின்னந்தலையைப் பிடித்து அடுப்பு விளிம்பில் ஒரு மோது மோதினான். அப்போதுதான் வாசல் வழியாக அவன் கண்ணில் பட்டது, வயலுக்குப் பாய்கிற தண்ணீர் நின்று போயிருப்பது. பெண்டாட்டியை விட்டுவிட்டு மண்வாரியைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

ஒர்லிந்தா நெற்றி ரத்தத்தைத் துடைத்துவிட்டு ஜன்னலுக்கு வந்தாள். தெலெஸ் மடைக்கல்லின் மேல் குனிந்து நின்றான், முதுகு இந்தப் பக்கம். மெலக்கியாஸ் கூப்பிடவில்லை, திட்டவில்லை. பின்னாலிருந்து ஓங்கி இறக்கினான். தெலெஸின் காது பிய்ந்து தோளில் தொங்கியது. தெலெஸ் அலறிக்கொண்டு திரும்பினான். திரும்பின வேகத்திலேயே அவன் மண்வாரியும் திரும்பியது. மெலக்கியாஸின் கழுத்து பாதி வெட்டுப்பட்டு, அவன் வாய்க்காலுக்குள் முகம் குப்புற விழுந்தான். அவன் திருடின தண்ணீர் அவன் மேலேயே சிவப்பாக ஓடியது.

அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைப்பானேன்? ஒரு கணம் உடம்பெல்லாம் லேசானது. சட்டியில் போட்டிருந்த துண்டு பின்னால் புஸ்ஸென்று உப்பி எழும்பியது. கொழுப்பு அப்போதுதான் காய்ந்திருந்தது. அதை எடுத்துத் தட்டில் வைத்துவிட்டுத்தான் அவள் அலறினாள்.

மெலக்கியாஸின் அண்ணன் தம்பிகள் மூன்று பேரும் அன்று சாயங்காலமே அவளைச் சுற்றி நின்றார்கள். "தெலெஸ்தான் முதல்ல ஓங்கினான். நீ பார்த்த. அப்படித்தானே?" என்றான் மூத்தவன். "மாத்திச் சொன்னா இந்த வீட்டுல உனக்கும் உன் பையனுக்கும் இடம் இல்ல." அவள் கோர்ட்டில் அப்படியே சொன்னாள். பயம் பாதி. மீதிப் பாதி, தன் சந்தோஷத்தை யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாதே என்கிற வெட்கம். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள் என்பார்கள். ஒர்லிந்தாவின் புளுகு பதினோரு வருஷம் நின்றது. அதைத் தின்றுதான் அவள் பிள்ளை வளர்ந்தான்.

"என்னம்மா வாசனை இது!" ஒனேசிமோ உள்ளே வந்தான். மண்வாரியைக் கதவோரம் சாய்த்துவிட்டு மேஜையில் உட்கார்ந்தான். இருபத்தொரு வயது, அப்பன் தோள், அப்பன் கண். "இன்னிக்கு என்ன விசேஷம்?"

"ஒண்ணுமில்ல. சாப்பிடு."

மாவை மெல்லிசாகத் தேய்த்துச் சதுரமாக வெட்டிக் கொழுப்பில் நழுவ விட்டாள். அகப்பையால் மேலே கொழுப்பைக் கோரி ஊற்ற ஊற்ற, ஒவ்வொன்றும் குட்டித் தலையணையாக உப்பியது. ஒனேசிமோ ஒரு மூலையைக் கிள்ளி உள்ளே தேனை விட்டு வாயில் திணித்துக்கொண்டான். தேன் மோவாயில் ஒழுகியது.

"மெதுவாடா. யாரு துரத்தறா?"

"அவன் வந்து நிக்கறதுக்குள்ள போகணும். குனிஞ்சு முதல் சேறு அள்ளட்டும், அப்பா மாதிரியே அதே வாய்க்கால்ல கிடப்பான்."

"டேய், அப்புறம் உன்னைத் தூக்குல போடுவாங்க."

"போடட்டும். அப்பனை வெட்டினவனுக்குப் பக்கத்துல நின்னு சேறு அள்ளற மகனைப் பார்த்து ஊர் சிரிக்கறதுக்கு அது தேவலை."

"ஒனேசிமோ…" என்றாள். அகப்பையைச் சட்டியில் வைத்தாள். "உங்க அப்பா…"

"அப்பாவுக்கு என்ன?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். அந்தக் கண்ணைப் பார்த்ததும் அவளால் முடியவில்லை. அப்பனும் போய், அம்மாவும் பொய்க்காரி என்று ஆனால் அவனுக்கு யார் மிச்சம்? தனக்குத்தான் யார் மிச்சம்?

"உங்க அப்பாவுக்கும் இது பிடிக்கும்" என்றாள்.

"ம்" என்று அவன் அடுத்ததற்கு வலது கையை மேஜை மேல் நீட்டினான். ஒர்லிந்தா சட்டியில் அகப்பையை முக்கி, நிறையக் கோரி எடுத்து, கொதிக்கும் கொழுப்பை அந்தப் புறங்கையில் கவிழ்த்தாள். மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரை, ஒரு சொட்டு வீணாகாமல்.

அவன் போட்ட சத்தத்தில் கொட்டிலில் கோழிகள் பறந்தன. மேஜை புரண்டது, தேன் ஜாடி உடைந்தது. இடது கையால் அவள் வாயில் ஓங்கிக் குத்தினான். அவள் சுவரில் மோதிச் சரிந்தாள், உதடு கிழிந்து ரத்தம் மோவாயில் இறங்கியது. அவன் புறங்கைத் தோல் வெளுத்து, கொப்புளித்து, மணிக்கட்டில் சுருண்டு உரிந்தது.

"பைத்தியக்காரி! எதுக்கு? எதுக்குடி இப்படிப் பண்ண?"

பெற்றவளை 'டி' போட்டுத் திட்டுகிறோம் என்பதுகூட அவனுக்கு உறைக்கவில்லை. அவள் தண்ணீர் வாளியை அவன் பக்கம் தள்ளினாள், அவன் எட்டி உதைத்தான். கையைத் தொடைக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு தரையில் உருண்டு மாடு மாதிரி கத்தினான். இனி அந்தக் கை இன்றைக்கு மண்வாரி பிடிக்காது. அவள் எழுந்து, கதவோரம் இருந்த மண்வாரியைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தாள். வீட்டுக்கு ஓர் ஆள் போய்த்தானே ஆக வேண்டும்?

வாய்க்கால் கரையில் முப்பது ஆண்கள் நின்றார்கள். மணியக்காரர் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அர்ச்சுலேட்டா வீடு?"

"வந்திருக்கு" என்றாள் ஒர்லிந்தா.

"என்னய்யா இது, அர்ச்சுலேட்டா வீட்டுல இப்ப ஆம்பளைங்கதான் மாவு பிசையறாங்களா?" என்றான் ஒருவன். நாலு பேர் சிரித்தார்கள். அவள் உதட்டு ரத்தத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பு நின்றது. கந்தெலாரியோ அவளை மேலும் கீழும் பார்த்தார். ஆணா பெண்ணா என்று தாத்தன் ஒன்றும் சொல்லி வைக்கவில்லை போலிருக்கிறது. காம்பால் அளந்து கோடு கிழித்தார்.

அவள் இறங்கி நின்றாள். பக்கத்துத் துண்டில் தெலெஸ். நரைத்து, ஒடுங்கி, இடது காது இருந்த இடத்தில் ஒரு சுருக்கம் மட்டும் இருந்தது. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் சேறு அள்ளினார்கள்.

"பையன் வருவான்னுதான் நினைச்சேன், கொமாத்ரே" என்றான். ஞானத்தகப்பன் பிள்ளையின் தாயைக் கூப்பிடும் முறை அது. அவளை அப்படி யாரும் கூப்பிட்டுப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது.

"உன்னைக் கொல்லறதா இருந்தான். அவன் கையில கொதிக்கிற கொழுப்பை ஊத்திட்டேன்."

தெலெஸின் மண்வாரி நின்றது.

"தெலெஸ், மெலக்கியாஸ்தான் முதல்ல ஓங்கினான். நான் ஜன்னல்லேர்ந்து பார்த்தேன்."

"அதை எனக்குச் சொல்றியா? அடி வாங்கினவனே நான்தானே!" அவன் குரல் உயரவில்லை. "பதினோரு வருஷமா வர்றவன் போறவன்கிட்ட எல்லாம் அதைத்தான் சொன்னேன். என் பெண்டாட்டி நம்பாமலே செத்துப் போனா. என் காதுல எதுக்கு ஓதறே? இதோ நிக்கறாங்களே, இவங்ககிட்ட சொல்லு."

ஒர்லிந்தா மண்வாரியைச் சேற்றில் குத்தி நிறுத்தினாள். நிமிர்ந்து வரிசைப் பக்கம் திரும்பினாள்.

"கேளுங்க! எல்லாரும் கேளுங்க! கோர்ட்டுல நான் சொன்னது பொய். என் புருஷன்தான் இவனைப் பின்னாடியிலேர்ந்து வெட்டினான். தண்ணியைத் திருடினவனும் அவன்தான். இவன் திரும்பி அடிச்சான், அவ்வளவுதான். நான் பார்த்தேன்!"

முப்பது மண்வாரிகளும் நின்றன. வரிசையின் மேல் பக்கமிருந்து மெலக்கியாஸின் அண்ணன் "செத்தவனை விக்கற தேவடியா!" என்று கத்திக்கொண்டு மண்வாரியை வீசினான். அதன் காம்பு அவள் தோளில் இடித்து எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. அவள் முழங்காலில் விழுந்தாள். இன்னொரு தடவை வீச அவன் கல்லைத் தூக்கும்போது தெலெஸ் நடுவில் வந்து நின்றான். கந்தெலாரியோவும் நாலு பேருமாக அந்த அண்ணனைக் கீழே போட்டு அமுக்கினார்கள். அவன் மண்ணைக் கடித்துக்கொண்டு கத்தினான்.

அப்போதுதான் அவள் கரையைப் பார்த்தாள். ஒனேசிமோ நின்றுகொண்டிருந்தான். வலது கையில் மாவு மூட்டைத் துணி சுற்றியிருந்தது, அதில் நீர் கசிந்து மஞ்சளாக ஊறியிருந்தது. இடது கையில் விறகுக் கோடரி. எப்போது வந்தான் என்று யாருக்கும் தெரியவில்லை. எல்லாம் கேட்டிருந்தான் என்பது முகத்தில் தெரிந்தது.

தெலெஸைப் பார்த்தான், அவன் காதில்லாத பக்கத்தைப் பார்த்தான். கோடரியைக் கீழே போட்டான். பிறகு துணியைப் பிரித்து விரல்களை மடக்கப் பார்த்தான். மடங்கவில்லை.

"இதை அடுப்படியிலேயே சொல்லியிருந்தா போதுமேம்மா" என்றான்.