அம்மாவை எல்.எஸ்.டி வைத்தியத்துக்குக் கூட்டிப்போன நாள்

வீட்டில் ஒருவரை இந்த வைத்தியத்துக்குக் கூட்டிப்போக யோசிப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

இரண்டு வருடமாக அம்மாவுக்கு மனச்சோர்வு. பகலிலும் திரைச்சீலை மூடியே இருக்கும். அப்பா வேலையால் வரப் பிந்தினால், செத்துவிட்டார் என்று நடுங்குவார். மாத்திரைகள் கேட்கவில்லை. கடைசியில் டொக்டர், மனதில் புதைந்ததை வெளியே கொண்டுவரும் எல்.எஸ்.டி என்ற மருந்தை ஆஸ்பத்திரியில் ஒருமுறை கொடுத்துப் பார்ப்போம், மிகவும் பயந்தால் நிறுத்திவிடுவேன், மறுபடி தரமாட்டேன் என்றார். டண்டினொங் தொழிற்சாலையில் அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. பள்ளியை விட்டு வீட்டிலிருந்த நான் போனேன். வகுப்பில் எழுந்து பேசச் சொன்னாலே குனிந்து புத்தகத்தைப் பார்க்கிற ஆள் நான்.

செவ்வாய் காலை 7.12க்கு கிளேட்டன் ஸ்டேஷனில் ரயில். அம்மாவுக்கு டிக்கெட் நாற்பத்தைந்து சதம். ரிச்மண்டில் ரயில் மாறி, இறங்கியபின் ஆஸ்பத்திரிக்குப் பத்து நிமிட நடை. வெறும் வயிற்றோடு வரச் சொன்னதை அம்மா விரதமாக எடுத்துக்கொண்டார். தலைமுழுகி, பட்டுச்சேலை கட்டி வந்தார்.

ஒன்பது மணிக்கு மருந்து கொடுத்தார்கள். கட்டிலருகே தாதி, மூலைக் கதிரையில் நான். இரண்டு மணி நேரம் அம்மா யன்னல் வெளிச்சத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு வியர்த்தது. தாதி அன்பாக ஈரத்துணியால் நெற்றியைத் துடைத்தார். குங்குமம் துணியோடு வந்துவிட்டது. அம்மா அதைப் பார்த்துவிட்டார்.

"என்ரை பொட்டை அழிச்சுப்போட்டினம். அவர் போயிட்டார்."

தாதிக்கு ஒன்றும் விளங்கவில்லை. டொக்டர் வந்து, மருந்தை முறிக்கும் ஊசியை எடுத்தார். நான் எழுந்தேன். எங்களில் கணவன் இறந்தால்தான் பொட்டை அழிப்பார்கள், திரும்ப வைத்தால் சரியாகிவிடும் என்று உடைந்த இங்கிலீசில் சொன்னேன். அவர் ஊசியைக் கீழே வைத்தார். தாதி அம்மாவின் கைப்பையைத் தந்தார். உள்ளே குங்குமச்சிமிழ் இருந்தது.

"அம்மா, அப்பா வேலையிலை நிக்கிறார். பொட்டு வைச்சாச்சு, தொட்டுப் பாருங்கோ."

தொட்டார். பிறகு, ஒன்பது வயதில் தகப்பன் செத்தபோது தன் தாயின் பொட்டை மற்றவர்கள் அழித்ததைக் கதவிடுக்கால் பார்த்ததாக அழுதழுது சொன்னார். எனக்கே தெரியாத கதை. ஒவ்வொரு வரியாக டொக்டருக்குச் சொன்னேன்.

மாலை ஆறு மணிக்கு வீட்டுக்கு டாக்சி, மூன்று டொலர் நாற்பது சதம். ரயிலில் திரும்ப நினைக்காதீர்கள், களைத்துப்போவார்கள். பட்டுச்சேலையைப் பார்த்த டிரைவர், கலியாணத்துக்குப் போய் வருகிறீர்களா என்று கேட்டார். அம்மாதான் "யெஸ்" என்றார்.

எல்லாருக்கும் இது சரிவராது என்று டொக்டரே சொல்கிறார். போவதானால் பொட்டைப் பற்றி முதலே தாதியிடம் சொல்லிவிடுங்கள். ஆனால் எங்கள் தாதி தெரியாமல் துடைத்ததற்கும், கைப்பையைத் தேடித் தந்ததற்கும் நான் என்றும் நன்றியோடு இருப்பேன்.

நேற்று அப்பா நாற்பது நிமிடம் பிந்தினார்.

"பஸ் பிந்தியிருக்கும்," என்று அம்மா தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தார்.