எருமையின் பின் சீட்டில்

விடியற்காலையில் ஒரு எருமை என் வீட்டு வாசலில் வந்து நின்றது. கனவில்தான். அதை ஓட்டி வந்தவள், கல்லூரி நாட்களில் நான் காதலித்தவள், பிறகு என்னைவிட நல்ல சம்பளக்காரனைக் கட்டிக்கொண்டு போனவள். ஹெல்மெட் போட்டிருந்தாள். "ஏறு" என்றாள். எங்கே, எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்காமல் ஏறிப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். லஸ் முனையில் மெட்ரோ வேலைக்காக அடைத்த தகரத் தடுப்புகளுக்கு நடுவே எருமை லாகவமாக வளைந்து, மந்தைவெளியைத் தாண்டி அடையாறு பாலத்தை நோக்கி நடந்தது. பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது. நான் வியர்த்து விழித்தேன்.

ஐம்பது வயதுக்கு மேல் பழைய காதலி கனவில் வருவது கர்வப்பட வேண்டிய விஷயம். வாகனம் மட்டும் வேறாக இருந்திருக்கலாம்.

உடம்பு சரியாக இருந்திருந்தால் சிரித்துவிட்டு எழுந்திருப்பேன். ஆனால் சில நாட்களாக இடது மார்பில் ஒரு குத்தல். மாடிப்படி ஏறினால் வரும், நின்றால் போய்விடும். மனைவியிடம் சொல்லவில்லை. சொன்னால் டாக்டரிடம் இழுத்துப் போவாள், டாக்டர் எதையாவது கண்டுபிடிப்பார். யாருக்கும் தெரியாத வரை எனக்கு ஒன்றும் இல்லை என்பது என் மருத்துவக் கொள்கை.

படுக்கையிலேயே போனில் கனவு பலன் தேடினேன். பழைய காதலி வந்தால் பண வரவு என்றார் ஒரு யூடியூப் ஜோதிடர். எருமை துரத்தினால் கண்டம். எருமை மேல் ஏறித் தெற்கே போனால்... இந்த இடத்தில் அவர் குரலைத் தாழ்த்தி, விளம்பரத்துக்கு வழிவிட்டார். இதயத்துக்கு நல்லது என்று சொல்லி ஒரு சமையல் எண்ணெய் வந்தது. நான் மேப்பைத் திறந்தேன். மயிலாப்பூரிலிருந்து அடையாறு சுத்தமான தெற்கு. பிறந்ததிலிருந்து இங்கேயே இருப்பவன், அன்றுதான் திசை பார்த்தேன்.

காலை நடையில் நண்பனிடம் சொன்னேன். அவன் முதலில் கேட்டது, அவள் இப்போது எப்படி இருக்கிறாள் என்று. ஹெல்மெட் மறைத்துவிட்டது என்றேன். ரொம்ப வருத்தப்பட்டான். பிறகு பரிகாரம் சொன்னான்.

"கெட்ட கனவ ஓடற தண்ணிகிட்ட சொல்லிடு மச்சி. ஒண்ணு விடாம முழுசா சொல்லணும். அது அடிச்சிக்கினு போய்டும்."

சென்னையில் ஓடும் தண்ணீருக்கு எங்கே போவது? பக்கிங்ஹாம் கால்வாயிடம் சொன்னால் என் கனவு அங்கேயே தேங்கிக் கொசு வளர்க்கும். மிச்சம் இருப்பது எங்கள் வீட்டுக் குளியலறைக் குழாய்தான்.

மனைவி சமையலறைக்குள் போன நேரம் பார்த்துக் கதவைத் தாழிட்டேன். குழாயை முழுக்கத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி, ஹெல்மெட்டிலிருந்து எருமையின் பார்வை வரை எல்லாவற்றையும் சொன்னேன். முழுசா என்றானே, அதனால் நெஞ்சுக் குத்தலையும் சொன்னேன். பயமாக இருக்கிறது என்றும் சொன்னேன்.

"பாலத்தைத் தாண்டினேளா, அதுக்கு முன்னாடியே முழிச்சுண்டுட்டேளா?" என்றது தண்ணீர்.

ஒரு கணம் கும்பிடக்கூடப் போனேன். குரல் மூன்றாவது மாடி மாமாவுடையது. எங்கள் அடுக்ககத்தில் எல்லா வீட்டுக் குளியலறை ஜன்னலும் சமையலறை ஜன்னலும் ஒரே காற்றுப் பொந்துக்குள்தான் திறக்கும். அந்தப் பொந்து வழியாக ஊரார் வீட்டுச் சண்டைகளை எத்தனையோ வருடமாக ரசித்துக் கேட்டிருக்கிறேன். அது எதிர்ப்பக்கமும் வேலை செய்யும் என்று தோன்றியதே இல்லை. தாண்டவில்லை மாமா என்றேன். அப்படியானால் பயமில்லை என்று மேலிருந்து தீர்ப்பு வந்தது. கீழ்வீட்டில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள்.

கதவைத் திறந்தேன். கையில் கரண்டியோடு மனைவி நின்றிருந்தாள்.

"அது வந்து, காலேஜ் டைம்ல..." என்று ஆரம்பித்தேன்.

"அத விடுங்க. நெஞ்சுல எத்தன நாளா குத்துது?"

அடுப்பை அணைத்தாள், சட்டையை எடுத்து நீட்டினாள், ஆட்டோவுக்குச் சொன்னாள். வாசலில் வாட்ச்மேன், "இன்னா சார், பெட்ரோல் விக்கிற வெலைக்கு எருமைதான் கரெக்டு" என்றார். அவள் சிரிக்கவில்லை. ஆட்டோ தி.நகர் பக்கம் திரும்பியதும் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது, அது மேற்கு. அவளிடம் அதைச் சொன்னேன். என் மணிக்கட்டைப் பிடித்தபடி வந்தாள். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. எந்த சாமி என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் மார்பெல்லாம் ஒயர் ஒட்டி, டிரெட்மில் என்கிற ஓடும் பட்டையில் ஏற்றினார்கள். ஓடினேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே அவள் கைப்பையை இறுக்கிக்கொண்டு நின்றிருந்தாள். இத்தனை வருடத்தில் அவள் பயந்து நான் பார்த்ததில்லை. கரப்பான்பூச்சிக்கே நான்தான் கட்டில் மேல் ஏறுவேன்.

டாக்டர் தாளைப் பார்த்தார், என் தோளை அமுக்கினார், கனமாக எதையாவது தூக்கினீர்களா என்று கேட்டார். லிஃப்ட் ரிப்பேரான வாரம் தண்ணீர் கேனைத் தோளில் வைத்து மாடி ஏற்றிய வீரத்தைச் சொன்னேன். இதயம் நன்றாக இருக்கிறது, இது தசைப்பிடிப்பு என்றார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அவள் அந்த ரிப்போர்ட்டை, புரியாவிட்டாலும், முதலிலிருந்து கடைசி வரை படித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மடித்துப் பையில் வைத்தாள்.

"சரி, இப்ப சொல்லுங்க. யாரு அவ?"

கண்ணாடிக் கதவு வழியாக எட்டிப் பார்த்தேன். அந்த ஓடும் பட்டை காலியாகத்தான் இருந்தது.