பாதி மொட்டை

எனக்குச் சிறுவயதில் ரத்தப் புற்றுநோய் வந்து போனது. ஒன்பது வயதில் வந்தது, பன்னிரண்டில் போனது. மலைமேல் இருக்கும் எங்கள் புதூர்நாட்டில் அது ஒரு பட்டம் மாதிரி. ஒருவர் வக்கீல், ஒருவர் வாத்தியார், நான் "அந்தக் கேன்சர் பொண்ணு". கல்யாணமாகி, சாமை அரைக்கும் மில்லில் வேலைக்குச் சேர்ந்து, முடி இடுப்பைத் தாண்டி வளர்ந்து, உடம்பும் அதற்குப் போட்டியாக வளர்ந்த பிறகும் அந்தப் பட்டம் மாறவில்லை. பந்தியில் உட்கார்ந்தால் என் இலையில் மட்டும் இரண்டு லட்டு விழும். "பாவம், சாப்டட்டும்" என்பார்கள். நான் ஒருநாளும் வேண்டாமென்று சொன்னதில்லை.

வருஷத்துக்கு ஒருமுறை வேலூர் ஆஸ்பத்திரிக்குப் பரிசோதனைக்குப் போவேன். டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "எல்லாம் நார்மல்" என்பார். சந்தோஷம்தான். ஆனாலும், இவ்வளவுதானா நாம் என்று லேசாக ஒரு மனத்தாங்கல் வரும். அவர்தான் ஒருமுறை, மலையிலிருந்து வரும் பிள்ளைகள் சிலர் சிகிச்சைக்கு வராமல் பாதியில் நின்றுவிடுகிறார்கள், நீ கொஞ்சம் பேசிப் பார்க்கிறாயா என்று கேட்டார். எனக்கு வாய் நீளம் என்பது ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிட்டது போலிருக்கிறது. அன்றிலிருந்து மலைக்காரர்கள் யார் சிகிச்சைக்குப் போனாலும் கூடவே போவேன். எங்கே ரத்தம் எடுப்பார்கள், எங்கே சூடாக இட்லி கிடைக்கும், எந்த மருந்துக்கு வாந்தி வரும் என்று எல்லாம் சொல்வேன். என்னைப் பார்த்ததும் தாய்மார்கள் அழுகையை நிறுத்திவிடுவார்கள். நான் பேச ஆரம்பித்தால் அழுவதற்கு இடைவெளி கிடைக்காது.

இப்படித்தான் நெல்லிவாசல்நாட்டிலிருந்து ஒரு அம்மா போன் செய்தாள். எட்டு வயதுப் பெண்ணுக்கு எனக்கு வந்த அதே நோய். சிகிச்சை தொடங்கிச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தது. செவ்வாய்க்கிழமை அடுத்த ஊசி.

"செவ்வாக்கெழம வர முடியாதுக்கா. ஜீப்பு இல்ல."

"உன் தம்பியே ஜீப்புதான ஓட்டறாரு? அப்புறம் இன்னா?"

"அவன்தான் வரமாட்டேங்கறான். பாப்பாவுக்கு அவனக் கேக்காம மொட்ட அடிச்சிட்டோமாம்."

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு விஷயத்தைக் கேட்டபோது சிரிப்பு போய்விட்டது. குழந்தைக்குக் குலதெய்வத்துக்கு மூன்று மொட்டை என்று வேண்டுதல். இரண்டு முடிந்துவிட்டது. மூன்றாவது பாக்கி. முடி இறக்கும்போது தாய்மாமன் மடியில்தான் பிள்ளை உட்கார வேண்டும். அதற்காக மாமன்காரன் ஒரு கிடாவை வளர்த்துக் கொண்டிருந்தான். குழந்தையோ மருந்தில் முடி எல்லாம் கொட்டி, வழவழவென்று வேலூரிலிருந்து வந்து இறங்கியது. கீழே ஏதோ கோயிலில் வேறு யார் மடியிலோ வைத்து மூன்றாவது மொட்டையை முடித்துவிட்டார்கள் என்று அவன் முடிவு கட்டிவிட்டான். பெற்றவர்களோ நோயின் பெயரைச் சொல்லப் பயந்துகொண்டு, ரத்தம் கம்மி, சத்து ஊசி போடுகிறார்கள் என்று சொல்லி வைத்திருந்தார்கள். சத்து ஊசி போட்டால் முடி கொட்டுமா? அவன் கேட்டதிலும் நியாயம் இருந்தது.

மற்ற ஜீப்காரர்களும் வரமாட்டேன் என்றார்கள். அக்கா வீட்டுச் சவாரியை எடுத்தால் அவன் முகத்தில் எப்படி விழிப்பது என்பது அவர்கள் கவலை. பஸ் எப்போதாவது வரும், அதில் மூச்சுவிட இடம் இருக்காது. குழந்தையைக் கூட்டத்தில் கொண்டுபோகக் கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். என்னோடு வார்டில் இருந்த ஒரு பெண் இப்படித்தான் நடுவில் வராமல் நின்றுபோனாள். அவளைப் பற்றி மட்டும் நான் வேடிக்கையாகப் பேசுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை நானே போய் மாமன்காரன் வாசலில் நின்றேன்.

"அண்ணா, எனக்கும் சின்ன வயசுல இதே மாதிரி முடி கொட்டிச்சு. மருந்துக்குக் கொட்டும், அப்புறம் வளரும்."

அவன் என் பின்னலை மேலிருந்து கீழே வரை பார்த்தான்.

"ஏம்மா, பொய் சொல்றதுன்னாலும் பொருந்தச் சொல்லணும். உன் சடையில ஒரு எருமயக் கட்டலாம். இதுவா கொட்டிச்சு?"

உயிரோடு, நன்றாக, குண்டாக இருப்பதே எனக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. நோயின் பெயரைச் சொல்லலாம் என்றால், சொல்லவே கூடாது என்று அந்த அம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். எனக்குப் பொறுமை கொஞ்சம்தான், அதுவும் தீர்ந்துவிட்டது. "இப்ப இன்னா வேணும் உங்களுக்கு? மொட்டதான? நாளைக்கே வெச்சுக்கலாம். முடிஞ்சதும் வண்டி எடுக்கணும், செவ்வாக்கெழம ஊசி" என்றேன். அவன் உடனே ஒத்துக்கொண்டான். ஏற்கெனவே மொட்டையாக இருக்கும் தலைக்கு எப்படி மொட்டை அடிப்பது என்று இருவரும் யோசிக்கவில்லை.

திங்கட்கிழமை காலை புளியமரத்தடிக் கோயிலில் எல்லாம் தயார். கிடாவுக்கு மாலை போட்டாகிவிட்டது. குழந்தை முகமூடி போட்டுக்கொண்டு மாமன் மடியில் உட்கார்ந்திருந்தாள். நான் குறுக்கே நின்று, கத்தி அவள் தலையில் படக்கூடாது, ஒரு கீறல் விழுந்தாலும் காய்ச்சல் வந்துவிடும் என்று சொன்னேன். மஞ்சள் தண்ணீர் தெளித்துச் சந்தனம் மட்டும் பூசுவதாக முடிவாயிற்று. புதூர்நாட்டிலிருந்து வந்திருந்த சலூன்காரர் ஒத்துக்கொள்ளவில்லை.

"கத்திக்குப் பூச போட்டாச்சிங்க. முடி எறக்காம மடக்க மாட்டேன். அது ஆவாது."

எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு மொத்தமாக என் பின்னலைப் பார்த்தார்கள்.

நான் அழுதேன் என்று சொல்வதில் வெட்கமில்லை. திரும்ப முளைத்த நாளிலிருந்து அந்த முடியில் நான் கத்தரிக்கோல் பட விட்டதில்லை. குளிக்கும்போது உதிரும் ஒவ்வொரு முடியையும் இன்றும் எண்ணிப் பார்ப்பேன். ஆனால் மறுநாள் செவ்வாய்க்கிழமை. பலகையைப் போடச் சொல்லி உட்கார்ந்தேன். "தல ரொம்பப் பெருசுங்க" என்று சலூன்காரர் தன் பங்குக்கு ஒன்று சொல்லிக்கொண்டே பின்னலைக் கத்தியால் அறுத்துவிட்டு வலது பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். பின்னல் மண்ணில் விழுந்தது. கிடா அதை முகர்ந்து பார்த்தது.

பக்கத்தில் மாமன்காரன் குழந்தையின் தலையில் சந்தனம் தடவிக்கொண்டிருந்தான். தடவினவன் கை நின்றது. திரும்பத் தடவினான். பின்னந்தலை, காதோரம், உச்சி என்று விரல்களை ஓட்டினான்.

"இன்னாக்கா இது? மொட்ட அடிச்சு இத்தினி நாளாச்சு, சொரசொரன்னு இருக்கணுமே. ஒன்னுமே மொளைக்கல. வேரோட போயிருக்குது."

அவன் குழந்தையின் முகத்தைத் திருப்பிப் பார்த்தான். அவளுக்குப் புருவமும் இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தான்.

"இவளுக்கு இன்னாக்கா?"

அந்த அம்மா முதல்முறையாக நோயின் பெயரைச் சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள். அவன் என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன். கத்தி தலையில் இருக்கும்போது அதற்குமேல் ஆட்ட முடியாது.

அவன் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தான். "ஆட்ட அவுத்து வுடுங்கடா. அக்கா, வண்டில ஏறு."

"அண்ணா, எனக்கு இன்னும் பாதித் தல பாக்கி கீது" என்றேன்.

"நாளைக்கு ஊசின்னு நீதான சொன்ன? ஏறும்மா."

ஏறினேன். வலது பக்கம் மொட்டையும் இடது பக்கம் காட்டுமுடியுமாக, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வேலூர் வரை போனேன். காற்று ஒவ்வொரு வளைவிலும் முந்தானையைத் தள்ளிவிட்டது. குழந்தை அதைப் பார்த்துப் பார்த்து விக்கல் வரும்வரை சிரித்தாள். எனக்கு அவள்மேல் கோபமாகவும் இருந்தது, அவள் சிரிப்பது நிற்கக் கூடாது என்றும் இருந்தது.

மறுநாள் வார்டில் என் கோலத்தைப் பார்த்த நர்ஸ், நோயாளி நான்தான் என்று நினைத்துக் கட்டிலைத் தட்டி என்னைப் படுக்கச் சொன்னார். விளக்கிச் சொல்லி முடித்ததும், ஊசியை எடுத்துக்கொண்டு, "பாப்பாவ மடியில யாரு வெச்சுக்கறீங்க?" என்று கேட்டார். அவள் அம்மா எழுந்தாள்.

"நீ ஒக்காருக்கா. அது நான் செய்யறது" என்றான் அவன்.

ஊசி ஏறும்போது அவள் அவன் காக்கிச் சட்டைக்குள் முகத்தைப் புதைத்து அழுதாள். அவன் அவளைவிடச் சத்தமாக அழுதான். மற்ற பிள்ளைகள் பயப்படுகிறார்கள் என்று நர்ஸ் அதட்டினார். மூக்கைத் துடைத்துக்கொண்டே அடுத்த ஊசி என்றைக்கு என்று கேட்டான். அடுத்த செவ்வாய் என்றார்கள்.

"எத்தினி மணிக்கு இங்க இருக்கணும்ங்க?"

அதற்குப் பிறகு அவள் ஒரு செவ்வாய்க்கிழமையும் தவறவிடவில்லை.