ஒரு தொட்டில், இரண்டு பேர் எடை

பழைய தொட்டில் இருந்தவரை யாருடைய எடையும் யாருக்கும் தெரியாது. உயரமான கட்டடங்களின் வெளிப்பக்கக் கண்ணாடியைத் துடைக்க, மொட்டை மாடியிலிருந்து இரும்புக் கயிற்றில் இறக்கும் மேடையைத்தான் அந்த வேலையாட்கள் தொட்டில் என்பார்கள். இரண்டு ஆட்கள், ஒரு தண்ணீர்த் தொட்டி, ரப்பர் துடைப்பான்கள். அவ்வளவுதான் அதன் குடும்பம். புதுத் தொட்டில் வந்தபோது கூடவே ஒரு மணியும் வந்தது. அளவுக்கு மேல் சுமை ஏறினால் அடிக்கும். அது அடங்கும்வரை தொட்டில் நகராது. மற்ற ஜோடிகளுக்கு வாயே திறக்காத அந்த மணி, ஊசி என்று பட்டப்பெயர் வாங்கிய ஒல்லி மனிதரும் அவருடைய மச்சானும் கால் வைத்ததும் ஊரைக் கூட்டியது.

எல்லோரும் மச்சானைத்தான் பார்த்தார்கள். ஊசியிடம் பார்க்க என்ன இருக்கிறது? சட்டையை ஆணியில் மாட்டினாலும் அவர் மேல் மாட்டினாலும் ஒன்றுதான் என்று வேலையிடத்தில் சொல்வார்கள். மச்சானோ நாற்காலியைக் கேட்டுவிட்டு உட்காரும் ரகம். தண்ணீரில் பாதியைக் கொட்டிய பிறகுதான் மணி அடங்கியது. பாதித் தண்ணீரோடு இறங்கினால் பாதியில் மேலே வந்து மறுபடி நிரப்ப வேண்டும். ஒரு நாள் வேலை ஒன்றரை நாளானது.

மேலாளர் கோபப்படவில்லை. அதற்கு முன்பே ஆட்களின் உடம்பைப் பற்றி அவருக்குக் கவலை இருந்தது. பாதிப் பேருக்கு முட்டிவலி, மீதிப் பேருக்கு மூச்சு வாங்கல். அதனால் நிறுவனம் முழுவதற்கும் ஓர் உடல்நலத் திட்டம் வந்தது. திங்கட்கிழமைகளில் ஒரு நர்ஸ் வருவார், ரத்த அழுத்தம் பார்ப்பார், எதைச் சாப்பிடலாம், எதைக் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடலாம் என்று வகுப்பெடுப்பார். எடை பார்ப்பதில் மட்டும் மேலாளர் ஒரு கண்டிப்பு வைத்தார். யாரையும் நான்கு பேர் முன்னால் கூசவைக்கக் கூடாது, ஜோடி ஜோடியாக நிற்கட்டும், கூட்டுத் தொகையை மட்டும் சொன்னால் போதும். சரக்கறையில் மூட்டை நிறுக்கும் தராசு இருந்தது. அதில் இருவரும் தோளோடு தோள் உரசி நின்றார்கள். பதினோரு கிலோ கூடுதல். வருடக் கடைசிக்குள் குறையாவிட்டால் மச்சான் தரைத்தளத்தில் துடைக்கும் இயந்திரம் தள்ளப் போவார், ஊசிக்கு வேறு துணை வரும்.

மச்சான் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொண்டார். தூக்கம் போனது ஊசிக்கு.

ஊசிக்கு உயரம் என்றால் பயம். இது மனைவிக்குக்கூடத் தெரியாது. முன்பு அட்டைப்பெட்டி செய்யும் ஆலையில் இருந்தார். அதை மூடியபோது, மனைவியின் அண்ணனான இந்த மச்சான்தான் இங்கே கூட்டிவந்தார். முதல் நாள் மொட்டை மாடி விளிம்பில் ஊசியின் முழங்கால்கள் அவரைக் கேட்காமலேயே ஆட ஆரம்பித்தன. மச்சான் அதைப் பார்த்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. கட்டில் வாங்கப் போய்க் கதவு வாங்கி வந்த கதையைத் தொடங்கினார். அது முடியும்போது தொட்டில் இறங்கி, கால் தரையில் இருந்தது. அன்றிலிருந்து ஒரு நாளும் அந்த வாய் ஓய்ந்ததில்லை. தொட்டிலைத் தாங்குவது இரண்டு இரும்புக் கயிறுகள் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். ஊசியின் கணக்கில் மூன்று.

கீழே பார்க்க முடியாதவர் உள்ளே பார்க்கக் கற்றுக்கொண்டார். கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவர்களை வெறித்துப் பார்க்கக் கூடாது என்பது தொழில் மரியாதை. ஊசி வெறிக்க மாட்டார், கவனிப்பார். யார் புதிதாக மூக்குக்கண்ணாடி போட்டிருக்கிறார், எந்த மேசையில் சண்டை, எதில் காதல் என்று எல்லாம் அவருக்கு அத்துப்படி.

திட்டம் ஆரம்பமானதும் மச்சான் ஒழுங்காகப் படி ஏறினார், சர்க்கரையை விட்டார். மனைவி போய்த் தனியாக இருக்கும் அவருக்கு மதியச் சாப்பாடு தங்கை வீட்டிலிருந்துதான். ஊசியின் மனைவி அண்ணனின் டப்பாவை ஒரு சுற்று சிறியதாக மாற்றினாள். ஊசிக்கு அதுவும் போதவில்லை. கூட்டுத் தொகைதானே, யார் உடம்பிலிருந்து குறைந்தால் என்ன, கிலோவுக்கு முகமா இருக்கிறது என்று யோசித்து, தானும் பாதிச் சாப்பாட்டோடு நிறுத்திக்கொண்டார். மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுபோனால் விசாரணை நடக்கும். வயிறு சரியில்லை என்று சொல்லி மச்சானிடம் நீட்டுவார். உணவை வீணாக்கப் பொறுக்காத மனிதர், இரண்டு வாயில் முடித்துவிடுவார்.

திங்கட்கிழமைகள் வந்து போயின. தராசு பிடித்த பிடியில் நின்றது. நர்ஸ் தராசைத் தட்டிப் பார்த்தார், மற்ற ஜோடிகளை ஏற்றிப் பார்த்தார். தராசு சரிதான். இரண்டு பேர் வயிற்றைக் கட்டியும் எடை எங்கேயும் போகவில்லை என்றால் அது எங்கே ஒளிந்திருக்கிறது? ஊசிக்கு இது பயத்தையும் தாண்டி ஒரு புதிராகிவிட்டது. ஒன்பதாவது மாடி அலுவலகத்திலும் இதே போல ஒரு திட்டம் நடந்துகொண்டிருந்தது. அங்கே ஒருவர் ஓடும் பட்டையில் நடந்தபடியே தட்டச்சு செய்வார். இறங்கியதும் இழுப்பறையைத் திறந்து பிஸ்கட் எடுப்பார். ஒரு பெண் தராசில் ஏறுமுன் செருப்பைக் கழற்றினாள், கடிகாரத்தைக் கழற்றினாள், கொஞ்சம் யோசித்துத் தலையிலிருந்த கொண்டை ஊசியையும் உருவி வைத்தாள். உள்ளே இருப்பவர்களுக்கும் விடை தெரியவில்லை என்பதில் ஊசிக்கு ஓர் ஆறுதல்.

இன்னொன்றும் புரியவில்லை. அவருடைய டப்பா வாரத்துக்கு வாரம் கனத்துக்கொண்டே வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சான் தங்கை வீட்டில் சொட்டும் குழாயைச் சரிசெய்ய வந்தார். ஊசி குனிந்து திருகியை எடுத்துக் கொடுத்தபோது கால்சட்டை அவரை விட்டுப் புறப்பட்டது. மனைவி பெல்ட்டைப் பிடித்துப் பார்த்தாள்.

“ஏங்க, இதுல ஆணி வச்சுப் புதுசா ரெண்டு ஓட்டை போட்டது யாரு?”

ஊசி குழாயைப் பார்த்தார்.

“மாப்ள இளைச்சுட்டாரு, டப்பாவுல கொஞ்சம் கூட வைன்னு அண்ணன் சொல்லிச்சேன்னு தினமும் அமுக்கி அமுக்கி வைக்கிறேன். அதெல்லாம் எங்க போகுது?”

மச்சான் குழாயைப் பார்த்தார்.

“அவருதாம்மா மிச்சம் வைக்கிறாரு,” என்றார் மெதுவாக. “அவ்வளவு உயரத்துலேர்ந்து கீழ கொட்டவா முடியும்?”

அவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். முதலில் கோபம்தான் வந்தது. அது பாதி வழியிலேயே சிரிப்பாக மாறியது.

“ஒரே அடுப்புல சமைச்சு, ஒரே தொட்டில்ல ஏத்தி, இந்த வயித்துலேர்ந்து எடுத்து அந்த வயித்துல போட்டா தராசுக்கு என்ன தெரியும், பாவம்! சரி, அண்ணனுக்குத்தானே குறையணும். நீங்க எதுக்குப் பட்டினி கிடந்தீங்க?”

ஊசி பெல்ட்டை இறுக்கிக் கட்டினார். பிறகு, மச்சான் இல்லாமல் தன்னால் இறங்க முடியாது என்றார். அவள் அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டு கண்ணைத் துடைக்கப் போனாள்.

“பாசமில்ல. பயம். கால் நடுங்கும். மச்சான் பேசிக்கிட்டே வந்தாத்தான் நிக்கும்.”

“தெரியும் மாப்ள,” என்றார் மச்சான், குழாயைத் திருகியபடியே. “இல்லேன்னா தினம் ஒரு கதைக்கு நான் எங்க போவேன்? பாதி பொய்.”

ஊசி நிமிர்ந்தார். அத்தனை நாள் மறைத்த வெட்கம் அந்த நொடியில் எங்கோ போய்விட்டது. எந்தப் பாதி என்று தெரிந்தாக வேண்டியிருந்தது. ஒவ்வொரு கதையாகக் கேட்டு முடிப்பதற்குள் இருட்டிவிட்டது.

மறுநாள் நர்ஸிடம் உண்மையைச் சொன்னார்கள். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். மேலாளரிடம் பேசி, திரைக்குப் பின்னால் ஒவ்வொருவரையும் தனித்தனியே நிறுக்க ஏற்பாடு செய்தார். ஊசி இழந்ததைத் திரும்பப் பெற வேண்டும் என்றார். அப்படியானால் குறைக்க வேண்டியது மொத்தமும் மச்சானுடையது. அவர் முகம் போன போக்கைப் பார்த்து ஊசிக்கே பாவமாக இருந்தது.

பசித்த மச்சான் வேறு ஆள். வாய் திறக்க மாட்டார். நான்கு மாடிகள் மௌனமாக இறங்கினால் ஊசி துடைப்பானை விட்டுவிட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொள்வார். வேறு வழியில்லாமல் அவரே பேச ஆரம்பித்தார். கண்ணாடிக்குள் பார்த்ததையெல்லாம் சொன்னார். பிஸ்கட்காரர், கொண்டை ஊசிப் பெண், பன்னிரண்டாம் மாடியில் யாரும் இல்லாதபோது மேசைக்கு மேசை நாற்காலியை மாற்றிவைக்கும் ஒரு பெரியவர். மச்சான் உம் கொட்டுவார், சில நேரம் அதுவும் இல்லை.

வருடக் கடைசியில் மச்சானின் ரத்த அழுத்தம் இறங்கியிருந்தது, படியேறினால் மூச்சு நின்று நிதானமாக வந்தது. ஆனால் எடையில் இன்னும் மூன்று கிலோ பாக்கி. மேலாளர் வருத்தத்தோடுதான் சொன்னார், விதியை ஒருவருக்காக வளைத்தால் நாளைக்கு எல்லோருக்கும் வளைக்க வேண்டும் என்று. பாக்கி தீரும்வரை மச்சான் கீழே, ஊசி ஒரு புது ஆளோடு மேலே.

புது ஆள் பேசாத ஜாதி. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வார், அதுவும் தலையால். ஊசி விளிம்பைத் தாண்டித் தொட்டிலுக்குள் கால் வைத்தார். கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டு பேசத் தொடங்கினார்.

தொட்டில் தரையைத் தொட்டபோது மச்சான் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே வந்து நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ, கழுத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார்.

“எப்படி?” என்றார்.

“வந்துட்டேன்.”

“அவர் பேசினாரா?”

“கடைசியா ஒண்ணே ஒண்ணுதான் சொன்னார். நாளைக்குக் காதுல பஞ்சு வச்சுக்கிட்டு வர்றாராம்.”

மச்சான் சிரிக்கவில்லை. அப்படி என்னதான் பேசினீர்கள் என்று கேட்டார். ஊசி பன்னிரண்டாம் மாடிப் பெரியவர் இன்று செய்த காரியத்திலிருந்து தொடங்கினார். மச்சான் கையை நீட்டித் தடுத்தார்.

“மொட்டை மாடியிலேர்ந்து வாங்க மாப்ள. நடுவுல எதையும் விடாதீங்க.”