ரெஜி மாஸ்டர் கேட்டார்

செய்தி வந்தபோது நான் லஸ் முனையில் ஆட்டோவில் உட்கார்ந்திருந்தேன். மெட்ரோவுக்காகத் தோண்டிப்போட்ட இடத்தில் வண்டி நகரவே இல்லை. கைபேசியில் சேகர் கூப்பிட்டான். எங்கள் குழுவில் கீபோர்டு வாசிப்பவன், சிந்தாதிரிப்பேட்டைக்காரன், போனை எடுத்ததும் முதலில் ஏதாவது கிண்டல் செய்யாமல் விஷயத்துக்கு வராதவன். அன்று கிண்டல் இல்லை. "யக்கா, மாஸ்டர் பூட்டாருக்கா" என்றான். ஆட்டோக்காரர் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாட்டை நிறுத்தினார்.

அழத்தான் ஆரம்பித்தேன். அழுது முடிப்பதற்குள் கோபம் வந்துவிட்டது. வாட்ஸாப்பில் ஒரு படம் வந்தது. ரோஜாப்பூ, குத்துவிளக்கு, நடுவில் ரெஜி மாஸ்டர், கீழே ‘எதையும் கேட்காத எளிய உள்ளம், பணிவின் சிகரம்’ என்று ஒரு வாசகம். சாயங்காலத்துக்குள் அதே வாசகத்தை ஆளாளுக்கு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் ஒரு பத்திரிகையில், விளம்பரம் விரும்பாமல் தாமாகவே திரையுலகை விட்டு ஒதுங்கி வாழ்ந்தவர் என்று எழுதியிருந்தார்கள். அவரோடு ஒரு நாளாவது வேலை செய்த யாராவது இப்படி எழுதுவார்களா? அவரைத் தெரிந்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன், தெரியாதவர்களும் படிக்கட்டும். ரெஜினால்ட் கார்வுட் என்கிற ரெஜி மாஸ்டர் பணிவானவர் இல்லை. வாயைத் திறந்து கேட்கிறவர். கேட்டதற்காகத்தான் அவரை வீட்டில் உட்கார வைத்தார்கள்.

அவருடைய முப்பாட்டன் இங்கிலாந்திலிருந்து ரயில் வேலைக்கு வந்தவர். இவர் பெரம்பூரில் பிறந்து, டிரம்பெட் கற்று, ஹோட்டல்களில் நடன இசைக்குழு நடத்தி, கடைசியில் சாந்தோமில் ஒரு சின்ன அடுக்ககத்தில் குடியேறினார். உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக ஆஸ்திரேலியா போனார்கள். இவரையும் கூப்பிட்டார்கள். "அங்க போயி எவன்கிட்ட சண்ட போடறது?" என்று போகாமல் இருந்துவிட்டார். நல்ல வெள்ளைத் தோல், பூனைக்கண். அதைப் பார்த்துவிட்டு யாராவது ஆங்கிலத்தில் ஆரம்பித்தால், "தமிள்லயே பேசு நைனா, நான் பெரம்பூர் வெள்ளக்காரன்" என்பார்.

அவர் செய்யாத இசை வேலை கிடையாது. கிறிஸ்துமஸுக்குச் சர்ச்சில் கோரஸ், தி.நகர் மண்டபங்களில் வரவேற்பு நிகழ்ச்சி, பற்பசை விளம்பரத்துக்கு ஒரு மெட்டு, மயிலாப்பூர் சபாவில் நாட்டிய நாடகம் எல்லாம் செய்தார். அந்த நாட்டிய நாடகத்துக்காகத்தான் வயலின் வாசிக்க ஆள் தேடிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கர்நாடக சங்கீதம் கற்ற பெண் பேண்டில் வாசிப்பதா என்ற கவலை ஒரு பக்கம், வந்திருப்பவர் துரை மாதிரி இருக்கிறாரே என்ற திகைப்பு ஒரு பக்கம். "நம்மாத்துல யாரும் இதெல்லாம் வாசிச்சதில்லையேண்ணா" என்று அப்பாவைப் பார்த்தாள். ரெஜி மாஸ்டர் அப்பாவைப் பார்க்கவில்லை. என் பக்கம் திரும்பி, உனக்கு இஷ்டமா என்று கேட்டார். அந்த வீட்டில் அந்தக் கேள்வியை அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. இஷ்டம் என்றேன். அதற்குப் பிறகு அவர் இறக்கும்வரை அவர் குழுவில்தான் வாசித்தேன். கடைசிவரை என்னை ‘மயிலாப்பூர்’ என்றுதான் கூப்பிட்டார், பெயர் சொல்லவில்லை.

எதையும் கேட்காதவராம். ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் நுழைந்ததும் கேட்க ஆரம்பித்துவிடுவார். வயலின்காரர்கள் நாளெல்லாம் முதுகு சாயாமல் உட்காருகிறார்களே, சாய்மானம் உள்ள நாற்காலி எங்கே? உள்ளே இருக்கும் கனவான்களுக்கு மட்டும் ஏசி, கோரஸ் பாடும் பெண்களுக்கு மின்விசிறி கூட இல்லையா? மேனேஜர்கள் அவரைக் கண்டாலே வேறு பக்கம் நடப்பார்கள். அவர் விடமாட்டார். கேன்டீன் வரைக்கும் பின்னாலேயே போவார். ஒருமுறை ஏன் மாஸ்டர் இப்படி எல்லோரிடமும் வம்பு என்று நானே கேட்டேன். "கேக்கலன்னா, வாணாம்னு நெனச்சுக்குவான் மயிலாப்பூர்" என்றார். இப்போது என்ன நடந்திருக்கிறது பாருங்கள். கேட்டவரையே கேட்காதவர் என்று எழுதிவிட்டார்கள்.

இனி, அவரை வீட்டில் உட்கார வைத்த அந்தச் சினிமாவுக்கு வருகிறேன். படத்தின் பெயரைச் சொல்லமாட்டேன், இசை என்று போட்டுக்கொண்டவரின் பெயரையும் சொல்லமாட்டேன். அவர் பெயரைச் சொல்ல ஊரே இருக்கிறது. வெளியிலிருப்பவர்களுக்கு எங்கள் வேலை எப்படி நடக்கும் என்று தெரியாது. பாட்டுக்கு மெட்டுப் போடுவது ஒரு வேலை. படம் முடிந்தபிறகு காட்சிகளைத் திரையில் ஓட்டி, அதற்குப் பின்னணி இசை சேர்ப்பது வேறு வேலை, ரீரெக்கார்டிங் என்போம். அந்தப் படத்தில் இசையமைப்பாளர் பாட்டுக்களைப் போட்டார், அதை நான் மறுக்கவில்லை. ரீரெக்கார்டிங் நடந்த நாட்களில் அவர் மாடியில் விருந்தினர்களோடு பேசிக்கொண்டிருந்தார். கீழே ரெஜி மாஸ்டர் காட்சியை ஒருமுறை பார்ப்பார், வெளியே போய்த் தன் பியட் காரின் பானட் மேல் தாளைப் பரப்பி, நின்றுகொண்டே ஒவ்வொரு வாத்தியத்துக்கும் எழுதிக்கொண்டு வருவார். மை காய்வதற்குள் வாசிப்போம்.

ஒரு காட்சி உங்கள் எல்லோருக்கும் தெரியும். காணாமல் போன மகனைத் தேடி அம்மா ஒரு ஊரில் பேருந்திலிருந்து இறங்குகிறாள். அவளை இறக்கிவிட்டுப் பேருந்து போய்விடுகிறது. இயக்குநர் மொத்த வயலினும் அழவேண்டும் என்றார். நாங்களும் வில்லை எடுத்துத் தயாராகிவிட்டோம். அந்தக் காலத்தில் வயலின் என்றாலே அழுகைதானே. ரெஜி மாஸ்டர் எங்களுக்கு எழுதியிருந்தது மெலிதாக இழுக்கும் ஒரே ஒரு சுரம், காட்சி முழுக்க. அதன்மேல் அவர் டிரம்பெட்டின் வாயில் மூடியைச் செருகி, எங்கோ அடுத்த தெருவிலிருந்து கேட்பதுபோல் தான் எழுதிய ஒரு மெட்டை வாசித்தார். இயக்குநர் முகம் சுளித்தார், அழுகையே இல்லையே என்றார். மாஸ்டர் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது.

"அந்தம்மா அளுவுது சார். நாமளும் சேந்து அளுதா அத யாரு பாத்துக்கறது? பக்கத்துல நின்னுக்கினு இருந்தா போதும்."

இன்றைக்கும் அந்த மெட்டைக் கைபேசி மணியாக வைத்திருக்கிறார்கள், மேடையில் யாராவது விருது வாங்கும்போதும் அதைத்தான் ஒலிக்கவிடுகிறார்கள். யார் போட்டது என்று கேட்டால் வேறு ஒருவர் பெயரைச் சொல்கிறார்கள்.

படம் வெளிவருவதற்கு முன் மாஸ்டர் மாடிக்குப் போய்க் கேட்டார். நானும் சேகரும் படியில் நின்றுகொண்டிருந்தோம். பாடல்கள் என்று உங்கள் பெயர் இருக்கட்டும், பின்னணி இசை என்று என் பெயரைப் போடுங்கள் என்றார். இசையமைப்பாளர் அவர் தோளில் கைபோட்டு, நாம் எல்லாம் ஒரே குடும்பம், குடும்பத்துக்குள் எதற்குப் பேரும் ஊரும் என்றார். ரெஜி மாஸ்டர் சிரித்தார். "குடும்பம்னா ரேஷன் கார்டுல பேரு இருக்கணுமே சார்" என்றார். அவரும் பெரிதாகச் சிரித்து, போட்டுவிடலாம் என்று சொல்லி அனுப்பினார்.

முதல் நாள் முதல் காட்சிக்குத் தி.நகரில் குழுவே போனோம். டோரீன் ஆன்ட்டி, மாஸ்டரின் மனைவி, எங்கள் பேண்டின் பாடகி, புதுப் பட்டுப்புடவையில் வந்திருந்தார். பெயர் போட்டார்கள். ‘நன்றி’ என்ற தலைப்பில், படப்பிடிப்புக்கு வீடு கொடுத்தவருக்கும் மதியச் சாப்பாடு அனுப்பிய மெஸ்ஸுக்கும் நடுவில், திரு. ரெஜி. கண் சிமிட்டுவதற்குள் போய்விட்டது. சேகர் என் பக்கத்தில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். பேருந்துக் காட்சி வந்தபோது தியேட்டர் மூச்சுவிடாமல் இருந்தது.

அதற்குப் பிறகு அவருக்குப் படம் வரவில்லை. ஒதுங்கினார் என்று எழுதுகிறார்களே, அவர் ஒதுங்கவில்லை, கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். ரெஜியா, தகராறு பிடித்த ஆள் என்று கூடத்துக்குக் கூடம் பேச்சு பரவியது. நாற்காலி கேட்டவரைச் சகித்தார்கள், பெயர் கேட்டவரைச் சகிக்க முடியவில்லை. அவர் கல்யாண வரவேற்புகளுக்குத் திரும்பினார். அங்கேயும் தன் வழக்கத்தை விடவில்லை. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் இசை யார், வரிகள் யார், இடையில் புல்லாங்குழல் வாசித்தது யார் என்று தெரிந்தவரை மைக்கில் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிப்பார். ஒரு மண்டபத்தில் மாப்பிள்ளையின் சித்தப்பா மேடைக்கே வந்து, சாப்பிடுகிற நேரத்தில் இந்தப் பட்டியல் யாருக்கு வேண்டும், பாட்டை ஆரம்பியுங்கள் என்றார். மாஸ்டர் பின்னால் பூவால் எழுதியிருந்த மணமக்கள் பெயரைக் காட்டினார். "அத்த மட்டும் இம்மாம் பெருசா போட்டுக்கீறீங்களே சார்" என்றார். கூட்டம் சிரித்தது. சித்தப்பா இறங்கிப் போனார்.

அவரை அடக்கம் செய்த பிறகு, மயிலாப்பூரில் ஒரு சின்ன அரங்கில் நினைவுக் கூட்டம் வைத்தார்கள். பேருந்துக் காட்சியின் இசையை நாங்கள் வாசிப்பது என்று ஏற்பாடு. வாத்தியங்களோடு மேடை ஓரத்தில் உட்கார்ந்திருந்தோம். அந்த இசையமைப்பாளர் வந்தார். தள்ளாத வயது, ஆளுயர மாலை, கேமராக்கள். வந்தது பெரிய மனசு என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். மைக்கைப் பிடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இத்தனை வருஷத்துல ரெஜி என்கிட்ட எதையுமே கேட்டதில்ல. அதான் ரெஜி" என்றார். கைத்தட்டல்.

முதல் வரிசையில் டோரீன் ஆன்ட்டி கையை உயர்த்தினார். நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்து மைக்கைக் கொடுத்தார்கள். அவர் எழுந்திருக்கவில்லை, குரலும் உயரவில்லை.

"கேட்டாரு சார். படம் பாத்த மறுநாளு நானும் கூட வந்தேன். உங்க வூட்டு வராண்டால நின்னுக்கினு, என் பேரப் போடுங்கன்னு கேட்டாரு. நீங்க காபி குடுத்தீங்க. நல்ல காபி. பேரு குடுக்கல."

மாஸ்டர் அவர் வீடு வரைக்கும் போய்க் கேட்டது எனக்கே அன்றுதான் தெரியும். இசையமைப்பாளர் கைகூப்பினார். அம்மா துக்கத்தில் இருக்கிறார்கள், நாம்தான் புரிந்துகொள்ள வேண்டும் என்று மைக்கில் சொன்னார். நான் கோபக்காரிதான், ஆனால் என் வாழ்நாளில் அப்படி ஒரு கோபம் எனக்கு வந்ததில்லை. பெயரையும் எடுத்துக்கொண்டு, கேட்டதையும் இல்லை என்று சொல்லிவிட்டு, அதைச் சொன்னவளுக்குப் பைத்தியம் பிடித்ததாகவும் ஆக்கிவிடலாம் என்றால், அப்புறம் எதற்கு மாலை?

அறிவிப்பாளர் பதறிப்போய், அடுத்து இசையமைப்பாளர் அவர்களின் காலத்தால் அழியாத படைப்பு என்று ஆரம்பித்தார். சேகர் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டான். "பேரச் சொல்லுக்கா, அப்பால வாசிக்கலாம்" என்றான். வயலினை மடியில் வைத்துவிட்டு எழுந்துபோய் மைக்கை வாங்கினேன். இந்த இசையை எழுதியவர் ரெஜினால்ட் கார்வுட், எழுதியபோது நாங்கள் இருந்தோம் என்றேன். வேறு எதுவும் சொல்லத் தோன்றவில்லை. வாசித்தோம். இசையமைப்பாளர் பாதியில் எழுந்து போனார், வேறு நிகழ்ச்சி இருந்ததாம்.

வாசலில் எங்கள் தெரு மாமா ஒருவர் என்னை மடக்கினார். "அஞ்சலி செலுத்தற எடத்துல இதெல்லாம் பேசுவாளோ?" என்றார். வேறு எங்கே பேசுவது மாமா, அவர் உயிரோடு இருந்தபோது பேசிய இடத்திலெல்லாம் கதவைச் சாத்தினார்களே என்றேன். அவர் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

மாஸ்டரின் டிரம்பெட்டை டோரீன் ஆன்ட்டி சர்ச்சுக்குக் கொடுத்துவிட்டார். என்னிடம் இருப்பது அவருடைய வாய்தான், கேட்கிற வாய். போன வாரம் ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு வெப் தொடருக்கு வாசிக்கப் போயிருந்தேன். இசையை எழுதியவள் இருபத்துச் சொச்சம் வயதுப் பெண். வேறு ஒருவர் பெயரில் வரப்போகிறது என்று எல்லோருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். வேலை முடிந்ததும் தயாரிப்பு மேனேஜரிடம் போய், இந்தப் பெண்ணின் பெயர் எங்கே வரும் என்று கேட்டேன். அதெல்லாம் வழக்கமில்லை மேடம், அவங்களே ஒண்ணும் கேக்கலியே என்றான். அந்தப் பெண் கீழே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "நானும் கேக்கறேன் சார்" என்றாள்.