பஜ்ஜியை வாயில் வை, படத்தைக் காட்டு

சூடான ஏத்தம்பழ பஜ்ஜியின் மணம் வந்தால் இன்றும் என் வாய் தானாக மூடிக்கொள்ளும்... காரணம் இருக்கிறது.

புதுக்கடை ஜங்ஷனில் ஒரு டீக்கடை. ஞாயிறு சர்ச் முடிந்து பிரிசில்லா வருவாள், நர்ஸ். மொபைல் கடை வைத்திருந்த சுயம்பு லேப்டாப்போடு வருவான். நான் அப்போதுதான் கூரியர் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். மூன்று பேருக்கும் போட்டோ பைத்தியம். அந்த வாரம் எடுத்ததையெல்லாம் அங்கே உட்கார்ந்து பார்ப்போம்.

ஒரே ஒரு சட்டம். யாருடைய படத்தைப் பார்க்கிறோமோ, அவர் வாயில் பஜ்ஜி இருக்க வேண்டும். மற்றவர்கள் சொல்லி முடிக்கும்வரை மென்றுகொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் "வெளிச்சம் சரியில்ல", "அந்த ஆளு குறுக்க வந்துட்டாரு" என்று வக்கீல் மாதிரி வாதாடுவோம். சட்டம் போட்டது பிரிசில்லா. யாருக்காகப் போட்டாள் என்று கேட்காதீர்கள்...

என்னிடம் இருந்த கேமரா அண்ணனுடையது. துபாயிலிருந்து போனில் கறாராகச் சொல்லிவிட்டான்.

"ஏட்டி, ஒனக்க படம் ஒண்ணாவது நாலு பேரு பாக்க செவுத்துல தொங்கட்டும், கேமரா ஒனக்கு. இல்லன்னா லீவுக்கு வரும்போ திருப்பி எடுத்துட்டுப் போயிருவேன்."

நாகர்கோவிலில் ஒரு கண்காட்சிக்குப் படம் கேட்டிருந்தார்கள். திற்பரப்பு அருவியை, தண்ணீர் பட்டுத்துணியாக வழிய, ஸ்டாண்ட் வைத்து எடுத்திருந்தேன். கேமரா எனக்குத்தான் என்ற மிதப்பில் காட்டினேன்.

"கொள்ளாம்ட்டி, தண்ணி அழகா விழுது," என்றாள் பிரிசில்லா. "ஆனா இத எல்லா காலண்டர்லயும் பாத்தாச்சே. இதுல ஒனக்கது எது?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயிலோ பஜ்ஜி!

சுயம்பு படத்தின் ஓரத்தைப் பெரிதாக்கினான். குளித்துக் கரையேறிய ஒருவரின் தலையை அவர் மனைவி தோர்த்துத் துண்டால் துவட்டிக்கொண்டிருந்தார். இருவரும் அசைந்ததில் கலங்கித்தான் தெரிந்தார்கள். ஆனாலும் அந்த மனிதர் சின்னப் பிள்ளை மாதிரி நெளிவது புரிந்தது. வெட்டிவிடலாம் என்று நான் நினைத்திருந்த மூலை அது.

"அருவி எங்கயும் போவாது மக்கா. அதுக்கு முதுகக் காட்டிட்டு ஆளுவள எடு," என்றான்.

மென்று முடிப்பதற்குள் கோபம் போய்விட்டது. அவர்கள் சொன்னது சரி.

அடுத்த ஞாயிறு அருவிக்கு முதுகைக் காட்டி நின்றேன். எத்தனை வீட்டுக்காரம்மாக்கள், எத்தனை தலைகள்! ஒரு பெரியவரின் முகம் முழுக்கத் தோர்த்துக்குள் போய்விட, முறுக்கிய மீசை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அவர் மனைவி விழுந்து விழுந்து சிரிக்கிறார். எடுத்த படத்தை அவர்களிடமே காட்டி, சம்மதமும் வாங்கிக்கொண்டேன்.

டீக்கடையில் நானே பஜ்ஜியை வாயில் வைத்துக்கொண்டு படத்தைத் திறந்தேன். இருவரும் குனிந்து பார்த்தார்கள். பிறகு சுயம்பு டீ சிந்தச் சிரித்தான்.

"இனி மெல்லாண்டாம்ட்டி. முழுங்கு," என்றாள் பிரிசில்லா.

அதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு இன்றுவரை கிடைத்ததில்லை. அந்த மீசை கண்காட்சிச் சுவரில் தொங்கியது. லீவுக்கு வந்த அண்ணன் கேமராவைக் கேட்கவே இல்லை, அதற்குப் புதுப் பை வாங்கி வந்திருந்தான்.

இப்போது நெட்டில் படம் போட்ட நிமிடமே இதயங்கள் வந்து விழுகின்றன. சந்தோஷம்தான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் எது சரியில்லை என்று ஒருவரும் சொல்வதில்லை...

போன வாரம் கடியப்பட்டணம் கடலைப் போட்டேன். "சூப்பர்", "செம" எல்லாவற்றுக்கும் நடுவே, மஸ்கட்டிலிருந்து பிரிசில்லா:

"ஏட்டி, கடலு சாஞ்சு கெடக்கு. வள்ளத்துல நிக்கவனெல்லாம் உருண்டு விழுந்திருவான். பஜ்ஜிய வாயில வை, இன்னும் சொல்ல கெடக்கு."

ஓடிப்போய் ஒன்று வாங்கினேன். கன்னம் உப்ப மென்றபடி செல்ஃபி எடுத்து அவளுக்கு அனுப்பினேன்.